சுண்ணம் பாடிய ஐயா: அவர் பாட்டை நிறுத்தியது உண்மையா?

கேள்வி: 03.11.2023, மாலை

கிளிநொச்சி வட்டக்கச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் செத்தவீடுகளில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடிவந்த ஐயா ஒருவர் இவ்வருடம் ஆவணியில் காலமானார் என்று அறிந்தேன். அவரை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். 2009 இற்குப் பிறகு அவர் பாடுவதையே நிறுத்திவிட்டார் என்று பலர் சொல்கிறார்கள், அது உண்மையா? அடுத்தது, 2013 இல் பாரதிபுரத்தில் நடந்த ஒரு செத்தவீட்டில் நான் நின்றேன். அன்று அவர் சுண்ணத்தை முதலாம் பாட்டிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கினார். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அப்படித்தானா? இவ்வளவு நல்ல குரல் கொண்டவர் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போயிருந்தால் பெரிய பாடகராக வந்திருப்பார் என்பது என் எண்ணம்.

03.11.2023, இரவு

நீங்கள் கேட்டிருப்பவர் என் தகப்பனார். நான் அவருடைய மூத்த மகள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அவரைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் கேள்வி எழுத வைத்துவிட்டது.

முதற் கேள்விக்கு என் பதில்: ஆம், நிறுத்தினார். 2009 தை மாதத்தில் போரால் வீட்டை விட்டு வெளியேறிய நாள் முதல் 2013 வரை அவர் பாடி நான் கேட்கவில்லை. பாரதிபுரத்தில் அவர் மறுபடியும் பாடிய நாளில் நான் ஊரில் இல்லை. நடுவிலிருந்து தொடங்கினார் என்பதை இன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். அவருக்கு மறதி இருக்கவில்லை. இறப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்னரும் சிவபுராணத்தின் தொண்ணூற்றைந்து வரியையும் பிழையில்லாமல் சொன்னவர் அவர். ஆகவே அது மறதியாக இருக்க முடியாது. வேறு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

04.11.2023, அதிகாலை

நித்திரை வரவில்லை. அவர் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஐயா 1947 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர். 1950களில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயற்காணிகள் வழங்கப்பட்ட காலத்தில், ஐயாவின் தாயும் தகப்பனும் அவரையும் அவருடைய சகோதரியான மாமியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வட்டக்கச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். காலபோகமும் சிறுபோகமுமாக வயலைச் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். சங்கீதம் முறையாகப் படித்தவர் அல்லர். ஊர்ப் பிள்ளையார் கோவிலில் கந்தபுராணம் படிப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுப் படித்தவர். ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் அப்படியே மாதக்கணக்கில் நகரும். இருபது வயதளவில் ஐயா வாசிப்பவரின் இடத்துக்கு வந்துவிட்டார். பூசையில் பஞ்சபுராணம் ஓதுவதும் அவர் பொறுப்பாயிற்று.

செத்தவீட்டுக்குப் பாடப் போவது அதற்குப் பிறகு வந்தது. யாருடைய வீட்டிலிருந்தும் காசு வாங்கியதில்லை. வெற்றிலைத் தட்டத்தில் வைத்துக் கொடுத்தாலும் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொள்வார்.

05.11.2023

"பெரிய பாடகராக வந்திருப்பார்" என்பதற்கு மறுப்பு எழுத வேண்டும். நீங்கள் அன்போடு சொன்னதுதான். ஆனாலும் அது ஐயாவைச் சரியாக அளந்த சொல்லாக எனக்குப் படவில்லை.

ஐயாவின் குரல் எட்டுக்கட்டையில் எழும் குரல் அன்று. அவர் எப்போதும் சுருதியைக் கீழேதான் எடுப்பார். கோவிலில் பாட வருகிற இளைஞர்கள் மேலே எடுத்து, இரண்டாம் அடியிலேயே கூட்டம் வாயை மூடிக்கொள்ளும்படி செய்துவிடுவார்கள். பிறகு ஒருவர் மட்டும் பாட மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஐயா பாடும்போது முதலாம் அடியை மட்டுமே அவருடைய குரலில் கேட்கலாம். இரண்டாம் அடியில் கிழவிகள் சேர்வார்கள், மூன்றாம் அடியில் பிள்ளைகள் சேர்வார்கள், அதன்பின் அவருடைய குரல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அதைத்தான் அவர் விரும்பினார் என்று நினைக்கிறேன். மேடைக்குப் போனவர் அதைச் செய்திருக்க முடியாது.

05.11.2023, சற்றுப் பின்

மேலே எழுதியதை வாசித்த தம்பி அழைத்தான். "இருபது வயதளவில்" என்பது பிழை என்கிறான். ஐயா கலியாணம் முடித்த பிறகே வாசிப்பவராக இருந்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறானாம். அப்படியானால் இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். திருத்திக்கொள்ளுங்கள்.

08.11.2023

பாரதிபுரத்தைப்பற்றி எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு அந்தச் செத்தவீட்டை விளங்கிக்கொள்ள முடியாது.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து தப்பிவந்த சனங்கள் வன்னியின் பல இடங்களில் குடியேறினார்கள்; கிளிநொச்சியில் பாரதிபுரமும் அவற்றுள் ஒன்று. எங்கள் ஊரார் அவர்களை வயல் வேலைக்கு அழைத்தார்கள், கூலி கொடுத்தார்கள், ஆனால் சில வீடுகளில் அவர்களுக்கென்று வேறு குவளை வைத்திருந்தார்கள். இதை மறைத்து எழுதுவது சரியாகாது, அக்குவளைகளை நானும் என் சிறுவயதில் கண்டிருக்கிறேன்.

ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் அங்கே போய், ஒரு மரத்தடியில் பிள்ளைகளை இருத்தித் திருவெம்பாவை சொல்லிக்கொடுத்தார். மார்கழியில் திருவாதிரையோடு முடிகிற பத்து நாளும் விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து எங்கள் ஊரில் சங்கும் சேமக்கலமுமாக வீதிவலம் வந்து முடித்து, நனைந்த சால்வையோடு அப்படியே பாரதிபுரத்துக்கும் போவார். அங்கே அவரோடு பாடிய சிறுமிகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அந்த வீடுகளில் யாரேனும் இறந்தாலும் அவர் போனார். உரலுக்குப் பக்கத்தில் இருந்து பாடினார், அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்தார். இதனால் ஊரில் இரண்டு வீடுகள் அவரைச் சில காலம் கிரியைகளுக்கு அழைக்கவில்லை. அவர் அதைப்பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அம்மா கூறினார். பின்னர் அந்த இரண்டு வீட்டிலும் சாவு நிகழ்ந்தபோது அழைப்பு வந்தது. அழைத்தவுடனே போனார்.

08.11.2023, இரவு

ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார்: சுண்ணம் என்றால் என்ன, ஏன் செத்தவீட்டில்? வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

மணிவாசகர் தில்லையில் பாடியது திருப்பொற்சுண்ணம், இருபது பாட்டு. இறைவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கிற பெண்கள், ஒருவரையொருவர் அழைத்துப் பாடுவதாக அமைந்தது. நம்மவர் கிரியையில், இறந்தவருடைய உடலை நீராட்டுவதற்கு முன் உரலில் மஞ்சளும் அறுகும் மற்றவையும் இட்டு, உறவினர் உலக்கை பிடித்து இடிக்கும்போது அதையே பாடுகிறோம். இறந்தவரை இறைவனுக்குரிய மரியாதையோடு நீராட்டி அனுப்புகிறோம் என்பதே அதன் கருத்து என்று ஐயா எங்களுக்குச் சொல்லித்தந்தார்.

பெண்கள் பாடுவதாக எழுதப்பட்ட பாட்டை ஆண்கள் மட்டுமே பாடிவந்ததை அவர் ஒரு குறையாகவே கருதினார். என்னையும் தங்கையையும் பக்கத்தில் இருத்திப் பாட வைத்தார். சுடலைக்குத்தான் பெண்கள் போவதில்லை, உரலடிக்கு வரக் கூடாதென்று யார் சொன்னது என்று கேட்பார். உலக்கை விழுகிற ஓசைக்குள் பாட்டின் சீர் விழ வேண்டும். இடிப்பவர் அழுது தளர்ந்து உலக்கையை மெதுவாக்கினால் ஐயாவும் மெதுவாக்குவார். உலக்கை நின்றுவிட்டால் அந்தச் சொல்லிலேயே நின்று, மறுபடி விழும்வரை காத்திருப்பார். அவரைத் தூரத்திலிருந்து கேட்டவர்களுக்கு அவர் தாளம் தவறுவதாகத் தோன்றியிருக்கும். அருகில் இருந்த எங்களுக்குத் தெரியும், அவர் அழுகிறவருடைய கைக்குத் தாளம் போட்டார்.

12.11.2023, தீபாவளி

இன்று வீட்டில் பலகாரம் இல்லை. ஆண்டு முடியும்வரை கொண்டாட்டம் இல்லை. அம்மாவோடு நெடுநேரம் இருந்தேன்.

ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்த மனிதருடைய வீட்டில் என்ன நடந்தது என்று எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். நேர்மையாக எழுதுகிறேன். அம்மாவுக்கு மனக்குறை இருந்தது. 1993 மாரியில் கூரைக் கிடுகு மாற்ற வேண்டிய கிழமையில் ஐயா அடுத்தடுத்து மூன்று செத்தவீட்டுக்குப் போனார். மழை வந்துவிட்டது. நாங்கள் நால்வரும் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்க, அம்மா சட்டிபானைகளை ஒழுக்குக்கு வைத்துக்கொண்டு, "செத்த சனத்துக்குப் பாடுறவர், உயிரோட இருக்கிறதுகளையும் பார்க்க வேணும்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த நாள் விடியுமுன் ஐயா கூரையில் ஏறி நின்றார், மழையோடு மழையாக. அன்றிலிருந்து ஆவணி மாதத்திலேயே கூரை வேய்ந்துவிடுவார்.

இன்று அம்மாவுக்கு அதை நினைவூட்டியபோது அவர் வேறொன்றைச் சொன்னார். செத்தவீட்டிலிருந்து எவ்வளவு பிந்தி வந்தாலும் ஐயா கிணற்றடியில் முழுகாமல் எங்களைத் தொடமாட்டார். அம்மா ஜாம் போத்தல் விளக்கோடு கிணற்றடிக்குப் போவார். துலாவில் தண்ணீர் அள்ளி வார்ப்பது அம்மாவின் வேலை. தண்ணீர் தலையில் விழவிழ ஐயா மிகத் தாழ்ந்த குரலில் ஒரு தேவாரம் பாடுவாராம். செத்தவீட்டில் பாடாத ஒன்று, ஒவ்வொரு முறையும் வேறொன்று. "அது எனக்கெண்டு பாடினது, பிள்ளை. ஒருத்தருக்கும் கேளாது" என்றார் அம்மா. ஐம்பது வருடத்தில் அவர் இதை எங்களுக்குச் சொன்னது இதுவே முதற் தடவை.

நான் சாதாரணதரப் பரீட்சை எழுதியது 1997 இல், இடம்பெயர்ந்திருந்த காலத்தில். பரீட்சை மண்டபத்துக்கு ஐயா என்னைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று, நான் எழுதி முடிக்கும்வரை வெளியே பாலை மரத்தின் கீழ் இருந்தார். எல்லா நாளும் அப்படித்தான். மத்தியானத்துக்கு அவரே விடியற்காலை அவித்த புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டப்பட்டிருக்கும்.

13.11.2023

திருத்தம். என் முதற்பதிலில் 2009 முதல் 2013 வரை ஐயா பாடவில்லை என்று எழுதியிருந்தேன். அம்மா அதை முற்றாக மறுக்கிறார்.

2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபின், செட்டிகுளம் மெனிக் பாமில் எங்களை அடைத்திருந்தார்கள். நான் வேறொரு பகுதியில் என் கணவரோடும் குழந்தையோடும் இருந்தேன். ஐயாவும் அம்மாவும் தங்கையும் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். முகாமின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நினைத்தவுடன் போக முடியாது. ஆகவே அங்கே ஐயா செய்தது எனக்குத் தெரியாமற் போயிற்று. மாலையில் தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டு வரிசையில் காத்திருக்கும்போது அவர் சிவபுராணம் சொல்லத் தொடங்குவாராம். வரிசையில் நின்றவர்கள் சேர்ந்து சொல்வார்களாம். தொண்ணூற்றைந்து வரியும் முடியும்போது அநேகமாகத் தண்ணீர் வந்துவிடும் என்றார் அம்மா. காய்ச்சல் வந்த பிள்ளைகளின் கூடாரங்களுக்குப் போய்த் திருநீற்றுப்பதிகம் பாடித் திருநீறு பூசினாராம்.

ஆகவே அவர் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தியது சுண்ணத்தை மட்டும். முகாமில் மூப்பாலும் நோயாலும் இறந்தவர்களுக்குப் பாடும்படி பலர் கேட்டிருக்கிறார்கள். "சுண்ணம் மட்டும் கேளாதேங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்டு முடியாமல் கிடக்குது" என்று மட்டும் சொன்னாராம். அதன் பொருள் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் இத்தனை வருடமாக என் தகப்பனார் துயரத்தால் வாய்மூடியிருந்தார் என்று எண்ணியிருந்தேன், பலருக்கும் சொல்லியுமிருக்கிறேன். பிழையாகச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

19.11.2023

கனடாவிலிருக்கும் மாமி ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறார். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

1994 இல் ஐயாவின் பாட்டை ஒரு கசெற்றில் பதிந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி வன்னிக்குள் வராது, மண்ணெண்ணெய் ஆனைவிலை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து வானொலிப் பெட்டியை இயக்குவோம். அப்போது வன்னியில் எல்லோரும் செய்தி கேட்டது இப்படித்தான். அந்த முறையிலேயே பதிவுசெய்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து மாமிக்கு அனுப்பினார்கள். மாமியின் மகன் அதை இப்போது கணினியில் ஏற்றி அனுப்பியிருக்கிறான்.

கேட்டவுடன் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குரல் அலைகிறது, ஒரு இடத்தில் சுருதி மேலே போகிறது, ஓர் இடத்தில் தொய்கிறது. என் நினைவில் இருந்த ஐயா இப்படிப் பாடியவர் அல்லர். நினைவுதான் பொய் சொல்லிற்றோ என்று ஒரு நாள் முழுவதும் கலங்கினேன்.

20.11.2023

விளங்கிவிட்டது. மிதித்தது நான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெடலை வேகமாக மிதித்தால் பெட்டியின் மோட்டார் விரைவாகவும், களைத்து மெதுவாக மிதித்தால் மெதுவாகவும் ஓடும். நாடா விரைவாக ஓடும்போது பதிந்த குரல், பிறகு சீரான வேகத்தில் கேட்கும்போது தாழும்; மெதுவாக ஓடும்போது பதிந்தது உயரும். பதிவின் ஏழாவது நிமிடத்தில் பாட்டுக்கு நடுவே ஐயா, குரலை மாற்றாமல், "களைச்சால் இறங்கு, பிள்ளை, தம்பி மிதிப்பான்" என்கிறார். தொடர்ந்து பாடுகிறார். நான் இறங்கவில்லை, குரல் மறுபடி கீழே வருகிறது.

இதை இருபது முறைக்கு மேல் கேட்டுவிட்டேன்.

26.11.2023

நேற்று ஐயாவின் சீ.ஆர். கொப்பியை அம்மா எடுத்துத் தந்தார். அவர் கைப்பட எழுதிய பாட்டுக் கொப்பி. காணி உறுதியோடும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே சொப்பின் பையில் கட்டி, வட்டக்கச்சியிலிருந்து விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று எல்லா இடமும் சுமந்துவந்த கொப்பி. கீழ் ஓரம் உப்புத் தண்ணீரில் ஊறிக் கறுத்திருக்கிறது.

பண்ணின் பெயர்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பாட்டுக்குப் பக்கத்தில் வேறு குறிப்புகள் இருக்கின்றன. "கீழே எடுத்தால் பொம்பிளையளும் சேருவினம்." "இரண்டாம் அடியில் மூச்சு விட இடம் குடு." "வாய்க்காற்கரை ஆச்சிக்கு இது விருப்பம்." பக்கம் பக்கமாக இப்படித்தான். எங்கே மற்றவர் வந்து சேரலாம் என்பதைத் தவிர அவர் வேறொன்றையும் குறித்துவைக்கவில்லை.

திருப்பொற்சுண்ணத்தில், மூன்றாம் பாட்டு முடிகிற இடத்தில், பென்சிலால் ஒரு கோடு இருக்கிறது. எழுத்து ஒன்றும் இல்லை. கோடு மட்டும். ஒற்றை மடிந்த அடையாளம் என்று முதலில் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தபோது பென்சில் என்று தெரிந்தது.

கேள்வி கேட்ட அன்பருக்கு: பாரதிபுரத்தில் ஐயா எந்தப் பாட்டிலிருந்து தொடங்கினார் என்று நினைவிருக்கிறதா?

28.11.2023

"நாலாம் பாட்டிலிருந்து" என்று அவர் பதில் அனுப்பியிருக்கிறார். இருபதாம் பாட்டுவரை பாடி முடித்து, சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, மறுபடி முதலாம் பாட்டிலிருந்து இருபதையும் பாடினாராம். அதனாலேதான் அன்று பிரேதம் எடுக்கப் பிந்தியது என்று சிலர் முணுமுணுத்ததாகவும் எழுதியிருக்கிறார்.

கொப்பியின் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் நெடுநேரம் பதில் எழுதவில்லை. இரவு அழைத்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

2009 பங்குனி, வலைஞர்மடம். நான் அப்போது மாமியார் குடும்பத்தோடு வேறிடத்தில் இருந்தேன். எங்கள் வீட்டாருடைய பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) அடுத்த பங்கரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எறிகணைச் சிதறல் பட்டு இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஐயாவிடம் வந்து, வேறொன்றும் வேண்டாம், சுண்ணம் மட்டும் பாடிவிடுங்கோ என்று கேட்டிருக்கிறார். உரல் ஏது? தறப்பாளுக்குக் கீழே, ஒரு சட்டிக்குள் மண்ணெடுத்துப் போட்டு, அந்த அம்மா அகப்பைக் காம்பால் இடிக்க, ஐயா பாடத் தொடங்கினார். மூன்றாம் பாட்டு முடியும்போது மறுபடியும் எறிகணைகள் விழுந்தன. எல்லோரும் ஓடினார்கள். இரண்டு மணித்தியாலத்தின் பின் திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடம் அந்த இடமாக இல்லை. ஆசிரியருடைய மனைவியையும் பிறகு காணவில்லை.

தம்பி இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐயா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். "இப்ப ஐயா இல்லை, அக்கா, இனிச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்" என்றான்.

30.11.2023

நான்கு வருடம் ஏன் காத்திருந்தார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தனியே ஓரிடத்தில் இருந்து மிச்சம் பதினேழு பாட்டையும் பாடி முடித்திருக்கலாமே என்று தோன்றியது. அம்மாவிடம் கேட்டேன். "உலக்கை வேணுமெல்லோ" என்று அம்மா ஒரே சொல்லில் பதில் சொன்னார். இடிக்கிற கை இல்லாமல் அவர் சுண்ணம் பாடியதே இல்லை. அந்த ஆசிரியருக்குரிய பாட்டை வேறொருவருடைய வீட்டு உரலில் முடிப்பதற்கு அவருக்கு மனம் ஒப்பவில்லை போலும். அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வதாக அவர் நினைத்திருக்கலாம்.

பாரதிபுரத்தில் அன்று இறந்தவருடைய மனைவி, நான் முன்னர் எழுதிய சிறுமிகளில் ஒருவர். அவரிடம் நேற்றுப் போனேன். அன்று ஐயாவைக் கூப்பிடத் தானே வந்ததாகச் சொன்னார். ஐயா முதலில் மறுத்து, காரணத்தையும் சொல்லியிருக்கிறார். எங்களுக்குச் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறார். "எங்க வீட்டு உரல்லயே அதை முடிச்சிடுங்க ஐயா, எங்க மனுசன் கோவிக்க மாட்டாரு" என்று இவர் சொன்னாராம். உலக்கையை இவரே பிடித்தாராம்.

03.12.2023

எங்கள் வீட்டுச் செத்தவீட்டைப்பற்றி எழுதாமல் விட நினைத்திருந்தேன். எழுதுகிறேன்.

ஐயாவின் கிரியை அன்று ஒலிபெருக்கியில் பதிவுசெய்த திருவாசகம் போட்டிருந்தார்கள். ஒழுங்கு செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். சுண்ணம் இடிக்க உரல் வைத்தபோதும் அந்தப் பதிவே ஓடியது. உலக்கை ஒரு பக்கம் விழ, பாட்டு வேறு பக்கம் போயிற்று. அம்மா எழுந்து அதை நிறுத்தச் சொன்னார். "ஆராவது பாடுங்கோ" என்றார். பந்தலில் அவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு இருபது பாட்டும் தெரியும். முதலாம் சொல் தொண்டையில் நின்றது, வெளியே வரவில்லை.

பாடியவர் பாரதிபுரத்து அக்கா. பந்தலின் கடைசி வரிசையில் நிலத்தில் இருந்தவர், இருந்த இடத்திலிருந்தே தொடங்கினார். கீழே எடுத்தார். இரண்டாம் அடியில் அம்மா சேர்ந்தார். எழுந்து முன்னுக்கு வரும்படி சொன்னார்கள். உரலடிக்கு வந்து, தங்கையின் கை தளரும்போது நிறுத்தி, உலக்கை விழும்போது தொடர்ந்து, இருபதையும் முடித்தார். எனக்குக் குரல் வந்தது பதினொன்றாம் பாட்டில்தான்.

நான் தொடங்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

16.12.2023

மழை விட்டபாடில்லை. திருவெம்பாவை தொடங்கப்போகிறது. துடக்கு (தீட்டு) வீடு என்பதால் இவ்வருடம் எங்கள் வீட்டார் வீதிவலத்தில் முன்னால் போவதில்லை என்று நான் சொல்ல, அந்தியேட்டியோடு துடக்குக் கழிந்துவிட்டது, ஐயாவின் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று கோவிலார் வந்து கேட்டார்கள். பாரதிபுரத்து அக்காவும் பேத்தியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று பின்னேரம் சேமக்கலத்தைப் பழப்புளி போட்டு மினுக்கினோம். ஐயாவின் கோல் பட்டுப்பட்டு அதன் நடுவில் ஒரு குழி இருக்கிறது. தம்பியின் மகன் அந்தக் குழியிலேயே அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். விளக்கு வைத்த பிறகு கொப்பியை விரித்து, நானும் அம்மாவும் முதலாம் பாட்டைப் பாடிப் பார்த்தோம். நான் எடுத்த சுருதி அம்மாவுக்கு எட்டவில்லை. குறைத்து எடுத்தேன், மூன்றாம் அடியில் மறுபடி நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் கீழே எடுத்தேன்.